ராக்கெட் எஞ்ஜினுக்குப் பின்னால் ஒட்டவைத்த மாதிரி ஒரு பெட்டி

கேள்வி இதுதான்: 1829-இல் வந்த ‘ராக்கெட்’ என்ற நீராவி ரயில் எஞ்ஜினின் படத்தில் பாய்லருக்குப் பின்னால் தனியாக ஒரு பெட்டி தெரிகிறது. அதிலிருந்து வளைந்த செப்புக் குழாய்கள் பாய்லருக்குப் போகின்றன. அதற்கு முந்தைய எஞ்ஜின்களில் இந்தப் பெட்டியே இல்லை. பிந்தையவற்றில் அது பாய்லரோடு ஒன்றாகிவிட்டது. சிலவற்றில் பின்பக்கம் கோபுரம் மாதிரி உயர்ந்து நிற்கிறது. நெருப்பு எரிக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதானே, அதற்கு ஏன் இத்தனை வடிவங்கள்? செம்பில் வேறு செய்தார்களாமே, அது எதற்கு?

முதலில் பெயரை முடித்துவிடுகிறேன். இதைத் தமிழில் நேராகச் சொன்னால் ‘தீப்பெட்டி’ என்று வரும், படிக்கிறவர் சட்டைப்பையைத் தடவுவார். அதனால் ஃபயர்பாக்ஸ் என்றே எழுதுகிறேன்.

‘நெருப்பு எரிக்க ஓர் இடம்’ என்று நினைப்பதில்தான் சிக்கல். கீழே அடுப்பு, மேலே பாத்திரம் என்ற படத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய டீக்கடை பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே செப்பு உருளை, நடுவில் ஒரு குழாய், அந்தக் குழாய்க்குள் கங்கு, சுற்றிலும் தண்ணீர். நெருப்பின் பக்கவாட்டுச் சூடு வெளியே போய் வீணாக வழியே இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். ரயில் எஞ்ஜினும் ஆரம்பம் முதலே இப்படித்தான்: அடுப்பு தண்ணீருக்குள் முங்கியிருக்கும். ஒரு வித்தியாசம், டீக்கடைப் பாய்லரில் ஆவி மூடியிடுக்கில் வெளியேறிவிடும். எஞ்ஜினில் அது அடைபட்டுக் கிடக்கும், நாலு பக்கமும் முட்டும். ஃபயர்பாக்ஸின் கதை முழுக்க இந்த இழுபறிதான். நெருப்புக்கு இடமும் காற்றும் வேண்டும், அதற்குத் தட்டையான அகலமான பெட்டி நல்லது. அழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் உருண்டை வடிவம் நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது.

ரிச்சர்ட் டிரெவிதிக் 1804 பிப்ரவரி 21-ஆம் தேதி வேல்ஸில் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் ஏற்றி ஒன்பது மைலுக்கு மேல் இழுத்துச் சென்றாரே, அந்த எஞ்ஜினில் ஃபயர்பாக்ஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. பாய்லருக்குள் ஒரு பெரிய குழாய் படுத்திருக்கும். அது மறுமுனைவரை போய் ஹேர்பின் மாதிரி வளைந்து திரும்பி வரும். ஒரு முனையில் கம்பித்தட்டு வைத்து நெருப்பு, வளைந்து வந்த மறுமுனையில் புகைபோக்கி. அதாவது கரி போடும் வாயும் புகைபோக்கியும் ஒரே பக்கம். வில்லியம் ஹெட்லியின் பஃபிங் பில்லியும் இந்த வகைதான். ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1825-இல் ஸ்டாக்டன் டார்லிங்டன் பாதைக்குக் கட்டிய லோகோமோஷன் எஞ்ஜினில் குழாய் வளையாமல் நேராகப் போனது. நேர்க்குழாயில் வேலை சுலபம், ஆனால் சூட்டில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும்.

இந்தக் குழாய் அடுப்பில் ஒரு குறை உண்டு, பலரும் அதைக் கவனிப்பதில்லை. குழாயின் கீழ்ப்பாதியில் கம்பித்தட்டு குறுக்காக இருக்கிறது. அதன் கீழே சாம்பல் விழும் இடம், அதற்கும் கீழே குழாயின் அடிச்சுவர், அதற்கப்பால் தண்ணீர். நெருப்புக்குக் கீழிருந்து காற்று வர வேண்டுமே, எப்படி வரும்? குழாயின் வாய் வழியாக மட்டும்தான். கம்பித்தட்டை உள்ளே நீளமாக்க ஆக்க கடைசியில் இருக்கும் கங்குக்குக் காற்று எட்டாது. போதாததற்கு சாம்பல் வேறு வழியை அடைக்கும். பெரிய நெருப்பு வேண்டுமென்றால் பெரிய குழாய் வேண்டும். பெரிய குழாய் போட்டால் தண்ணீருக்கு இடம் குறையும், குழாயும் வெளி அழுத்தத்தில் நசுங்கப் பார்க்கும். இதற்கு மேல் இந்த வழியில் போக முடியாது என்ற நிலை 1820-களின் கடைசியில் வந்துவிட்டது.

அப்போது வந்ததுதான் ரெயின்ஹில் போட்டி. 1829 அக்டோபர், லிவர்பூல் மான்செஸ்டர் ரயில்வே நடத்தியது, பரிசு 500 பவுண்டு. நிபந்தனைகளில் முதலாவது எஞ்ஜின் தன் புகையைத் தானே எரித்துவிட வேண்டும் என்பது. எடை ஆறு டன்னுக்குள், ஆவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்குள். வந்தவற்றில் முக்கியமான மூன்று எஞ்ஜின்களும் மூன்று விதமான அடுப்பு வைத்திருந்தன. அதனால் இந்தப் போட்டியை அடுப்புகளின் போட்டி என்றே நான் பார்க்கிறேன்.

டிமொதி ஹேக்வொர்த்தின் சான்ஸ் பரேல் பழைய வளைகுழாய்க்காரர். கரி போடுகிறவர் புகைபோக்கிப் பக்கம், அதாவது முன்னால் நிற்க வேண்டும். அந்த எஞ்ஜினின் புகைபோக்கியில் கழிவு ஆவியை அவ்வளவு வேகமாகச் செலுத்தினார்கள், இழுப்பில் எரியாத கரித்துண்டுகளே வெளியே பறந்தன. ராக்கெட்டைப் போல மூன்று மடங்கு கரி தின்றது. பிரெய்த்வெய்ட்டும் எரிக்சனும் கொண்டுவந்த நாவல்டியில் நெருப்பு ஒரு நிமிர்ந்த மூடிய அறையில் இருந்தது, கரியை மேலிருந்து போட வேண்டும், காற்றைத் துருத்தியால் ஊத வேண்டும். கொல்லுப்பட்டறையை வண்டியில் ஏற்றிய மாதிரி. வேகமாக ஓடிப் பார்வையாளர்களை மயக்கியது, ஆனால் குழாயும் இணைப்பும் மாறி மாறிப் பழுதாகி நின்றுவிட்டது.

ஜார்ஜின் மகன் ராபர்ட் ஸ்டீபன்சனின் ராக்கெட்டில் என்ன செய்தார்கள்? நெருப்பை பாய்லரை விட்டே வெளியே எடுத்தார்கள். அடுப்பு ஒரு தனிப்பெட்டி. மூன்றடி அகலம், இரண்டடி நீளம், மூன்றடி உயரம். கம்பித்தட்டின் பரப்பு ஆறு சதுர அடி. பெட்டியின் அடி திறந்தே இருப்பதால் ஆறு சதுர அடிக்கும் கீழிருந்து நேராகக் காற்று கிடைத்தது. நான் மேலே சொன்ன மூச்சுமுட்டல் ஒரே வெட்டில் தீர்ந்தது. பெட்டியின் மேலும் பக்கங்களிலும் செம்பில் இரட்டைச் சுவர், நடுவே மூன்று அங்குல இடைவெளியில் தண்ணீர். குதிரைச் சேணத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. நீங்கள் படத்தில் பார்த்த வளைந்த குழாய்கள் இந்தச் சேணத்துக்கும் பாய்லருக்கும் நடுவே ஓடுபவை: கீழ்க்குழாயில் தண்ணீர் வரும், மேல்குழாயில் ஆவியும் கொதிநீரும் திரும்பிப் போகும்.

அடுப்பிலிருந்து கிளம்பிய தீச்சூடு பாய்லருக்குள் ஒரே பெரிய குழாயில் போகாமல் மூன்று அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்களில் பிரிந்து போனது. இந்த யோசனை ரயில்வே நிர்வாகத்தில் இருந்த ஹென்றி பூத் சொன்னது. பிரான்சில் மார்க் செகன் அதே காலத்தில் தனியாக இதே வழிக்கு வந்திருந்தார். ராக்கெட் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த 25 குழாய்களைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கணக்கைப் பாருங்கள். குழாய்களின் சூடேறும் பரப்பு ஏறக்குறைய 118 சதுர அடி, ஃபயர்பாக்ஸின் பரப்பு 20 சதுர அடி. ஏழில் ஒரு பங்குதான். ஆனால் ஃபயர்பாக்ஸின் சுவர் தணலை நேருக்கு நேர் பார்க்கிறது. தணலின் கதிர்வீச்சு அதன் மேல் அப்படியே விழுகிறது. குழாய்க்குள் போகும் புகையோ போகப் போக ஆறிக்கொண்டே போகும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஃபயர்பாக்ஸின் ஒரு சதுர அடி குழாயின் மூன்று சதுர அடிக்குச் சமம் என்று கணக்கு வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் ஆவியில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சின்னப் பெட்டியிலிருந்தே வந்திருக்கிறது. தவிர, பெரிய நெருப்பு இல்லாமல் 25 குழாய்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, ஏன் ஒட்டவைத்த மாதிரி? என் கணிப்பு, அது வேலை செய்யும் வசதிக்காக. உருளையான பாய்லரையும் சதுரப் பெட்டியையும் ஒரே உடம்பாக, எல்லாப் பக்கமும் தண்ணீர் சுற்றும்படி, ரிவெட் அடித்துக் கசியாமல் கட்டுவது அப்போதைய தகட்டு வேலைக்குப் பெரிய சவால். போட்டிக்கு மாதங்களே இருந்தன. பெட்டியைத் தனியாகச் செய்து குழாயால் இணைப்பது கைக்கு எட்டிய வழி. ஆனால் அதன் குறையும் உடனே தெரிந்திருக்கும்: சேணத்தில் கொதிக்கும் தண்ணீர் மொத்தமும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும். நல்ல அடுப்பு வைத்துவிட்டு வாசலைச் சின்னதாக வைத்தது போல.

அதை ஒரே வருடத்துக்குள் சரிசெய்தார்கள். 1830 செப்டம்பர் 15-இல் லிவர்பூல் மான்செஸ்டர் பாதை திறந்தபோது வெல்லிங்டன் பிரபுவின் ரயிலை இழுத்த நார்தம்பிரியன் எஞ்ஜினில் ஃபயர்பாக்ஸ் பாய்லரோடு சேர்ந்துவிட்டது. அடுத்து வந்த பிளானட்டிலும் அப்படித்தான். பாய்லர் உருளையின் பின்முனை ஒரு பெரிய பெட்டியாக விரிகிறது. அந்தப் பெட்டிக்குள் இன்னொரு சின்னப் பெட்டி, செம்பில். இரண்டுக்கும் நடுவே தண்ணீர், கீழே இரண்டையும் சேர்க்கும் ஓர் இரும்பு வளையம். நெருப்பை வெளியே எடுத்தவர்கள் அதை மறுபடி தண்ணீருக்குள் கொண்டுபோனார்கள், ஆனால் இந்த முறை அடி திறந்திருக்கிறது. நீராவி எஞ்ஜின் கட்டுவது நிற்கும்வரை அடிப்படை அமைப்பு இதுதான்.

இங்கேதான் அழுத்தத்தின் பிரச்சினை முழுசாக வருகிறது. மூன்றடிக்கு இரண்டடி ஒரு தட்டைச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 864 சதுர அங்குலம். 50 பவுண்டு அழுத்தத்தில் அதன்மேல் விழும் தள்ளல் 43,200 பவுண்டு, அதாவது 19 டன்னுக்கு மேல். ஆட்களை அடைத்த டவுன் பஸ்ஸை விட அதிகம், அரை அங்குலத் தகட்டின் மேல். உருளை என்றால் தன் வடிவத்தாலேயே தாங்கிக்கொள்ளும். தட்டைச் சுவர் பலாப்பழம் மாதிரி உப்பிவிடும்.

அதற்குக் கண்டுபிடித்த வழி ஸ்டே போல்ட். உள்சுவரையும் வெளிச்சுவரையும் குறுக்கே கட்டிப்போடும் சின்னச் சின்னத் தண்டுகள். தண்ணீர் இடைவெளியைத் தாண்டி இரு தகட்டிலும் மறை போட்டு முறுக்கி, முனையைச் சுத்தியலால் தட்டித் தலை ஆக்குவார்கள். நாலு அங்குலத்துக்கு ஒன்று, கட்டம் கட்டமாக. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிய 16 சதுர அங்குலத்துக்குப் பொறுப்பு, 50 பவுண்டு அழுத்தத்தில் 800 பவுண்டு, கிட்டத்தட்ட ஏழு சிமெண்ட் மூட்டை ஒரு தண்டில் தொங்குகிற மாதிரி. பிற்கால எஞ்ஜின்களில் அழுத்தம் மூன்று நாலு மடங்கானபோது மூட்டைக் கணக்கையும் அப்படியே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்டுகள் இழுவிசையில் அறுவது குறைவு. வளைந்து வளைந்துதான் அறும். உள்பெட்டி செம்பு, வெளிப்பெட்டி இரும்பு. செம்பு இரும்பை விட அதிகம் விரியும், போதாக்குறைக்கு நெருப்பை ஒட்டி இருப்பதும் அதுதான். நெருப்பு மூட்டியதும் உள்பெட்டி மேலே எழும்பும். இரண்டும் அடியில் கட்டப்பட்டிருப்பதால் மேல்வரிசைத் தண்டுகள்தான் அதிகம் சாயும். ஆறினால் திரும்பும். தினமும் இப்படி ஆடினால் எந்தக் கம்பியும் ஒருநாள் ஒடியும். அதனால் உடைந்த ஸ்டே என்றால் முதலில் மேல்வரிசையிலும் மூலையிலும் தேட வேண்டும். சுத்தியலால் ஒவ்வொரு தலையாகத் தட்டுவார்கள். நல்லது ‘ணங்’ என்று திருப்பித் தரும், உடைந்தது ‘டொக்’ என்று செத்துப்போன சத்தம் போடும். பின்னாளில் இன்னொரு தந்திரம் வந்தது: தண்டின் முனையில் நீளவாக்கில் மெல்லிய துளை. தண்டு உடைந்தால் அந்தத் துளை வழியாக ஆவி சீறும், தானே காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் கேட்ட கோபுரத்துக்கு வருவோம். எட்வர்ட் பரி என்ற லிவர்பூல்காரர் தட்டைச் சுவரே வேண்டாம் என்று முடிவு செய்தார். அவருடைய எஞ்ஜின்களில் ஃபயர்பாக்ஸ் மேலிருந்து பார்த்தால் ‘D’ வடிவம்: குழாய்கள் நுழையும் முன்சுவர் மட்டும் தட்டை, மற்றதெல்லாம் வளைவு. வெளிக்கூட்டின் தலையில் அரைக்கோளக் குவிமாடம். வைக்கோல்போர் என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள், நமக்கும் அப்படித்தான் தோன்றும். வளைவுகள் தாங்களே அழுத்தத்தைத் தாங்கிவிடுவதால் ஸ்டே குறைவு. குவிமாடத்தின் உச்சி தண்ணீரிலிருந்து தள்ளியிருப்பதால் ஆவி ஈரமில்லாமல் கிடைக்கும். அழகான தீர்வு. யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் 1846-இல் கட்டிய பரி வகை எஞ்ஜின் இன்னும் நிற்கிறது. அந்தச் செப்புத் தலையால் அதற்கு ‘காப்பர்நாப்’ என்றே பட்டப்பெயர்.

ஆனால் அந்த அழகுதான் அவரை மாட்டிவிட்டது. தண்டவாள அகலம் நாலடி எட்டரை அங்குலம். எஞ்ஜினின் அடிச்சட்டகத்துக்கு நடுவே அடங்க வேண்டிய வட்டத்தின் விட்டம் ஓர் அளவுக்கு மேல் போகாது. சதுரப் பெட்டியை அகலம் மாற்றாமல் பின்னால் நீட்டிக்கொண்டே போகலாம், வட்டத்தை நீட்ட முடியுமா? நெருப்பு வளர வழியில்லை, எஞ்ஜின் சின்னதாகவே நின்றது. 1838-இல் முழுதாகத் திறந்த லண்டன் பர்மிங்ஹாம் பாதையில் பரியின் எஞ்ஜின்கள்தான் ஓடின. கனமான ரயில் என்றால் இரண்டு மூன்று எஞ்ஜின்களைக் கோத்து இழுக்க வேண்டியிருந்தது. டேனியல் கூச் 1840-இல் ஏழடி அகலப் பாதைக்கு வடிவமைத்த ஃபயர்ஃபிளை வகையில் இடைவழி ஒன்று பிடித்தார்: அடி சதுரம், தலை நாலு பக்கமும் குவிந்து கூம்பும். கிறிஸ்தவ ஆலய வளைவு மாதிரி இருக்கும். ஏழடி அகலம் இருந்தபோது அவருக்கு என்ன கவலை. கடைசியில் ஜெயித்தது சாதாரணச் சதுரப் பெட்டியும் நிறைய ஸ்டே போல்ட்டும்தான். அழகில்லாதது, ஆனால் வளரும்.

செம்பு எதற்கு என்றால், சூட்டைக் கடத்தும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அரை அங்குலத் தகட்டில் அதுவா பெரிய தடை? அதன் பின்னால் படியும் உப்புப் படிவுதான் பெரிய தடை. போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். செம்பின் உண்மையான தகுதி அது விட்டுக்கொடுக்கும். சூடேறி ஆறி, விரிந்து சுருங்கி, ஸ்டே இழுத்த இழுப்புக்கு வளைந்து, வெடிக்காமல் தாங்கும். அந்தக் காலத்து இரும்புத் தகடு அடுக்கடுக்காகப் பிரியும், நெருப்பை ஒட்டிய பக்கம் கொப்புளம் விடும். அமெரிக்காவில் 1860-களுக்கு மேல் நல்ல எஃகு கிடைத்ததும் செம்பை விட்டுவிட்டார்கள். பிரிட்டன் கடைசிவரை பெரும்பாலும் செம்பையே பிடித்துக்கொண்டிருந்தது.

எந்த உலோகமானாலும் ஃபயர்பாக்ஸின் மேல்தகடு தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் பிழைக்கும். தண்ணீர் மட்டம் இறங்கி அது வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் சிவந்து, இளகி, கிழியும். அப்புறம் பாய்லர் முழுக்க ஃபயர்பாக்ஸ் வழியாக வெடிக்கும். இதற்கான காவல் ரயில் எஞ்ஜினுக்கும் முந்தையது. 1803-இல் கிரீனிச்சில் டிரெவிதிக்கின் ஒரு பாய்லர் வெடித்து நாலு பேர் இறந்தார்கள். அதன்பிறகு அவர் சூடேறும் தகட்டில் ஓர் ஈயத் தக்கை வைத்தார். தண்ணீர் வற்றினால் முதலில் ஈயம் உருகும், ஆவி நெருப்பின் மேல் பாயும், ஆட்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். ரெயின்ஹில்லில் சான்ஸ் பரேலின் ஓட்டத்தை முடித்ததும் இதுதான். தண்ணீர் ஏற்றும் பம்ப் மக்கர் செய்ய, தக்கை உருகிவிட்டது. ஹேக்வொர்த் தோற்றார், ஆனால் யாரும் சாகவில்லை.

இனி கரி. புகையைத் தானே எரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு எல்லோரும் எடுத்த குறுக்குவழி, புகையே வராத கோக் கரியைப் போடுவது. நிலக்கரியைச் சூளையில் வேகவைத்து வாயுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோக். சுத்தமான தணல், ஆனால் விலை அதிகம். கால் நூற்றாண்டு இப்படி ஓடியபிறகு 1850-களில் பச்சை நிலக்கரியைப் புகையில்லாமல் எரிக்க ஆளாளுக்குப் புறப்பட்டார்கள். ஜோசப் பியட்டி அடுப்பை இரண்டு அறையாக்கி, நடுவில் சுடுமண் ஓடுகளை அடுக்கினார். மெக்கானல் பாய்லருக்குள் ஓர் எரியறையை நீட்டினார். கட்வொர்த் நீளவாக்கில் தண்ணீர்ச் சுவர் வைத்துப் பிரித்து, இரண்டு கதவு போட்டு, மாற்றி மாற்றிக் கரி போடச் சொன்னார். எல்லாமே வேலை செய்தன. எல்லாமே பராமரிக்கிறவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன.

1850-களின் கடைசியில் மிட்லண்ட் ரயில்வேயில் மேத்யூ கர்ட்லியின் கீழ் வேலை செய்த சார்லஸ் மார்க்கம் இதை முடித்துவைத்தார். குழாய்களுக்குக் கீழே, நெருப்புக்கு மேலே, பின்பக்கமாகச் சாய்ந்து எழும் ஒரு செங்கல் வளைவு. கதவு வாயில் உள்ளே நீட்டிக்கொண்டு கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு தகடு. அவ்வளவுதான். நிலக்கரியைப் போட்டதும் முதலில் வருவது வாயு. வளைவு இல்லாவிட்டால் அது நேராகக் குழாய்க்குள் ஓடும், அங்கே சுற்றிலும் தண்ணீர்க் குளிர்ச்சி, பாதியில் அணைந்து கரும்புகையாகிவிடும். செங்கல் வளைவு வழிமறித்தால் அது கதவுப் பக்கம் திரும்பி, வளைவைச் சுற்றிக்கொண்டுதான் குழாய்க்குப் போக வேண்டும். திரும்பும் இடத்தில் கதவு வழியாக வரும் காற்றைத் தகடு கீழே தள்ளிக் கலக்கிவிடும். செங்கல்லோ எப்போதும் செந்தணலாக இருப்பதால் வாயு ஆற வழியில்லை. எரிய நேரம், காற்று, சூடு மூன்றும் கிடைத்துவிட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிக்ஸும் செங்கல் வளைவு வைத்தார்.

நான் ரயில்வேக்காரன் இல்லை, ஆலைப் பாய்லர் பராமரிப்பில் இருந்தவன். ஒரு பழைய அரிசி ஆலையில் எஞ்ஜினிலிருப்பது போலவே ஃபயர்பாக்ஸ் வைத்த பாய்லர் ஒன்றைப் பழுது பார்க்கப் போனபோது கரி போடும் வாய் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறேன். ஒரு கையை முதலில் விட்டு, தோளைச் சாய்த்து, அப்புறம்தான் உடம்பு போகும். உள்ளே குந்தி உட்காரலாம், நிமிர முடியாது. டார்ச் அடித்தால் மூன்று சுவரிலும் ஸ்டே தலைகள் கோலப்புள்ளி வைத்தமாதிரி வரிசையாக, நாலாவது சுவரில் தேனடை போலக் குழாய்வாய்கள். மேல்வரிசையில் மூலையிலிருந்து இரண்டாவதைத் தட்டினேன். ‘டொக்’ என்றது.